பெரியப்பாவின் தலையும் அப்பாவின் தலையும்

எங்கள் கிணற்றுக்கு வாரம் என்பது ஐந்து நாள். முதல் மூன்று நாள் தண்ணீர் அப்புசாமிப் பெரியப்பாவுக்கு. அடுத்த இரண்டு நாள் அவருடைய தம்பியான என் அப்பா செங்கோட்டையனுக்கு. பாகம் பிரித்தபோது பெரியப்பாவுக்கு ஆறு ஏக்கரும் அப்பாவுக்கு நாலு ஏக்கரும் வந்ததால் இந்த ஏற்பாடு. ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, மேற்கே இரண்டு மைல் நடந்தால் எங்கள் ஊர். அந்தப் பக்கத்தில் ஒரே கிணற்றில் பங்காளிகள் முறை வைத்து இறைப்பது வழக்கம்தான்.

ஆனால் முறை சும்மா ஐந்தைந்தாக ஓடிவிடாது. மழை பெய்த நாள் அதில் சேராது. அரை நாளுக்கு மேல் கரண்ட் இல்லாவிட்டால் அடுத்த சுற்றில் ஈடு கட்ட வேண்டும். மாரியம்மன் பண்டிகை மூன்று நாளும் கிணறு யாருக்கும் சொந்தமில்லை. ஊரில் சாவு விழுந்தால் எடுத்த பிறகுதான் மோட்டார் ஓடும். அதுவரை போன நேரம் யாருடையது என்பதற்குத் தனிச் சட்டம் உண்டு. இத்தனையையும் இருபத்தெட்டு வருடம் பெரியப்பா தலைக்குள் வைத்திருந்தார்.

எழுதி வைத்தால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி முறையை எழுதி வைத்தால் அவர்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது என்று அர்த்தம். மேலத்தோட்டத்துத் தங்கமுத்து வீட்டாரின் பம்ப்செட் சுவரில் கரிக்கோடுகள் உண்டு. அந்தக் கோடுகளைப் பார்த்த பிறகுதான் அவர்கள் ஒருவர் வீட்டு விசேஷத்தில் ஒருவர் கை நனைப்பதில்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. எங்கள் பம்ப்செட் சுவர் வெள்ளையாக இருந்தது. பெரியப்பா பொங்கலுக்குப் பொங்கல் தம் கையாலேயே அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார்.

அவர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். இருபது வயதில் சேலத்துக்கு மில் வேலைக்குப் போய் நான்கு மாதத்தில் திரும்பி வந்தார். ஏன் வந்துவிட்டீர்கள் என்று கேட்டால், "குடிக்கிற தண்ணிக்குக் கொடத்தத் தூக்கிட்டு வரிசைல நிக்கோணுங்கறாங்க. நானென்ன, கெணறு இல்லாதவனா?" என்பார். அதற்குப் பிறகு நிலத்தை விட்டு எங்கும் போனதில்லை. எந்த மாடு எப்போது சினையானது, எந்த பஸ் எத்தனை மணிக்குத் திரும்பும், எந்தக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார் என்றெல்லாம் ஊரார் அவரிடம் வந்து கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்.

நேர்மை அவருக்கு ஒரு வியாதி மாதிரி என்று சௌந்திரம் பெரியம்மா சொல்வார். ஒருமுறை எங்கள் முறையின்போது வாய்க்கால் உடைந்து பெரியப்பாவின் பருத்தியில் இரண்டு பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. அவரே எங்கள் வீட்டுக்கு வந்து, "உங்க தண்ணி ரெண்டு பாத்தி என்ற காட்டுல பாஞ்சு போச்சு சாமி" என்று சொல்லிவிட்டு, மறுநாள் தம் முறையில் கால் மணி நேரம் எங்கள் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக்குத் தண்ணீர் விட்டார். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று வாய்க்கால் ஓரமாகவே ஓடினார்.

அவருக்கு மறதி வருகிறது என்பதை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்தது அவருடைய சிவப்பு மாடு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்காருவார். கொஞ்ச நேரத்தில், "மாட்டுக்குத் தண்ணி காட்டுனமா?" என்று எழுந்து போவார். ஒரு மத்தியானத்தில் ஐந்து தடவை காட்டினார். முதல் இரண்டு தடவை குடித்த மாடு, பிறகு தொட்டிக்குள் வாயை விட்டுச் சும்மா ஊதிவிட்டுத் தலையை எடுக்கப் பழகிக்கொண்டது.

"மாட்டுக்கு இருக்கற நாவகங்கூட மனுசனுக்கு இல்லாமப் போச்சு பாரு அம்மிணி" என்றார் பெரியம்மா என்னிடம். அப்போது அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

1986 கோடையில் கிணற்றில் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்காக நாள் முழுதும் காத்திருக்க வேண்டும். அப்படியொரு எங்கள் முறையில், அப்பா மண்வெட்டியோடு போய்ப் பார்த்தால் மோட்டார் ஓடி முடிந்திருந்தது. பெரியப்பாவின் வயல் ஈரமாக இருந்தது.

"ஏனுங்கண்ணா, இன்னைக்கு நம்ம மொறையாச்சுங்களே?"

"இல்ல சாமி. இன்னைக்கு மூணாம் நாளு. என்ற மொறை."

பெரியப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்பா திரும்பிவிட்டார். அடுத்த சுற்றிலும் அப்படியே ஆனது. மூன்றாவது தடவை எங்கள் கிழங்குச் செடி இலையைத் தொங்கப் போட்டிருந்தது. அப்பா நேராகப் பால் சொசைட்டி முன்னாலிருந்த டீக்கடைக்குப் போனார். அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். பெரியப்பாவும் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"கூடப் பொறந்தவன் தண்ணியத் திருடிக் குடிக்கறவருக்கு இந்த டீ எதுக்குங்க?" என்றார் அப்பா.

திருடன் என்று தனியாக அவர் சொல்லவில்லை. ஆனால் ஊரில் அந்தச் சொல் மட்டும் மிச்சமாகி, சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு பெரியப்பா வெளியில் வருவதை நிறுத்தினார். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அந்தச் சொல் அவருக்கு மறந்துபோகும். வலி மட்டும் மறக்காது. "என்னைய ஆரோ என்னமோ சொன்னாங்களே, என்னது அது?" என்று பெரியம்மாவைக் கேட்பார். ஒன்றுமில்லை என்றால் விடமாட்டார். கடைசியில் பெரியம்மா சொல்லிவிடுவார். அப்போதுதான் முதல் தடவை கேட்பவர் போலத் துண்டை உதறிக்கொண்டு எழுவார். "ஆரு, செங்கோட்டையனா? என்னையவா?" ஒரு நாளைக்கு நான்கு தடவை அவர் புதிதாகத் திருடன் ஆனார்.

பெரியம்மா பொறுக்க முடியாமல் கந்தவேல் கவுண்டரிடம் போனார். அவர் பால் சொசைட்டித் தலைவர். ஊர் வழக்கையும் அவரே பேசித் தீர்ப்பார். பெரியப்பாவுக்கு நோவு, அதனால்தான் முறை தவறியது என்று பெரியம்மா வாதாடினார். நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் காட்டியதாகவும், மெட்ராஸில் ஒரு பெரிய டாக்டர் இந்த மாதிரி மறதிக்காரர்களின் மூளையைப் படம் எடுத்து ஆராய்ச்சி செய்வதாகவும், செலவில்லாமல் பார்ப்பதாகவும் சொன்னார். டாக்டர் கொடுத்த கடிதம் இங்கிலீஷில் இருந்தது. நான் அந்த வருடம் சேலத்தில் பி.எஸ்ஸி. முடித்திருந்ததால் அதைப் படித்துச் சொன்னேன்.

கந்தவேல் யோசித்துவிட்டு இப்படி முடிவு செய்தார். "களவுன்னா அப்புசாமி கோயல் முன்னால நின்னு தம்பிகிட்ட மன்னாப்புக் கேக்கோணும். நோவுன்னா மன்னாப்பு வேண்டியதில்ல. ஆனா நோவுக்காரரு மொறை சொல்லப்படாது. இனிமே செங்கோட்டையன் சொல்றதுதான் மொறை. எதுன்னு படத்துல தெரியட்டும். போயி எடுத்துட்டு வாங்க."

பெரியப்பா இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றில் மானம் போகும். இன்னொன்றில் இருபத்தெட்டு வருடமாக அவர் யாராக இருந்தாரோ அது போகும். "படத்துல ரெண்டுமில்லைன்னு வந்துதுன்னா?" என்றார்.

மெட்ராஸுக்குப் பெரியப்பா, பெரியம்மா, இங்கிலீஷுக்காக நான் என்று மூன்று பேர் கிளம்பினோம். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் அப்பாவும் ஒரு மஞ்சள் பையோடு நின்றார்.

"நீங்க எதுக்கு வாரீங்க?" என்றார் பெரியம்மா.

"ஆருடைய தலைய வேணாலும் படம் புடிச்சாந்து காட்டீருவீங்க நங்கையா. நான் கண்ணால பாக்கோணும்." அண்ணியை நங்கையா என்றுதான் எங்கள் பக்கத்தில் கூப்பிடுவார்கள். சண்டையிலும் அதை விட முடியாது.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்பதால் சேலம் வரைக்கும் எல்லாப் பேச்சும் என் வழியாகவே போனது. "உங்கப்பனை ஜன்னல சாத்தச் சொல்லு அம்மிணி." "வெக்கையா இருக்குதுன்னு உம்பட பெரியப்பங்கிட்டச் சொல்லு." சேலத்தில் ரயில் ஏறியதும் பெரியப்பாவுக்குச் சண்டை மறந்துபோய்விட்டது. பையிலிருந்து முறுக்கை எடுத்து, "இந்தா சாமி, ரெண்டு எடுத்துக்க. நீ காலைல ஒண்ணும் உங்கல போல" என்று அப்பாவிடம் நீட்டினார். அப்பா முறுக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். பாதி தின்னும்போது பெரியம்மா பெரியப்பாவின் காதில் என்னமோ சொன்னார். பெரியப்பா முகம் மாறியது. மிச்ச முறுக்கை அப்பா கையிலிருந்து பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மெட்ராஸ் போய்ச் சேர்வதற்குள் அந்த முறுக்கு மூன்று தடவை கை மாறியது.

ஆராய்ச்சி செய்த டாக்டர் சுவாமிநாதனுக்கு நாற்பது வயதிருக்கும். பேசுவதற்கு முன் கண்ணாடியைத் துடைப்பார். இந்த நோய்க்கு அல்சைமர் என்று பெயர், மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும், சுருங்கின இடத்தில் நீர் நிறையும் என்று விளக்கினார். ஞாபக சக்திக்குப் பரீட்சை வைத்து மார்க் போடுவார். பிறகு படத்தில் நீர் நிற்கும் இடத்தின் அகலத்தை அளப்பார். மார்க் குறையக் குறைய அகலம் கூடுகிறதா என்பதுதான் அவருடைய கேள்வி.

"இன்னிக்கு என்ன கிழமை, ஐயா?"

பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னைக்கு எங்க மொறைங்களா, தம்பி மொறைங்களா?"

"கிழமைதான் கேட்டேன்."

"கெழமைய வெச்சு நாங்க என்னங்க பண்றது?"

டாக்டர் எழுதிக்கொண்டார். "நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சிக்கிட்டே வாங்க."

"ஏனுங்க கழிக்கோணும்? நூறு நல்லாத்தான இருக்குது?"

மாம்பழம், நாற்காலி, ஆறு என்று மூன்று பொருள்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டு, அவை என்ன என்று கேட்டார் டாக்டர்.

"எப்பச் சொன்னீங்க?" என்றார் பெரியப்பா மரியாதையாக.

"மாம்பழம், நாற்காலி, ஆறு!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. அப்பாதான். முதல் வரிசையில் உட்காரும் பையன் மாதிரி முதுகை நிமிர்த்தி இருந்தார்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க யாரு?"

"தம்பிங்க. ஆனா இப்பப் பேச்சு வார்த்தை இல்லீங்க."

டாக்டருக்குச் சந்தோஷம். ஒரே குடும்பம், ஒரே சாப்பாடு, வயதில் நாலு வருடம்தான் வித்தியாசம், ஞாபகமோ நன்றாக இருக்கிறது. நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று அப்பாவுக்கும் பரீட்சை வைத்தார். பெரியப்பாவுக்கு முப்பதுக்குப் பதினான்கு. அப்பாவுக்கு இருபத்தொன்பது. நாம் எந்த மாடியில் இருக்கிறோம் என்ற கேள்வியில்தான் ஒரு மார்க் போனது. எங்கள் ஊரில் மாடியே கிடையாது என்று அப்பா அதற்கும் வாதாடிப் பார்த்தார். மார்க் போட்ட தாளை ஒரு நகல் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

படம் எடுக்கும் மெஷின் பெரிய வளையம் மாதிரி இருந்தது. தலையை அதற்குள் நீட்டிப் படுக்க வேண்டும். பெரியப்பா உள்ளே பார்த்து, "கெணத்துக்குள்ள எட்டிப் பாக்கறாப்புல இருக்குது" என்று சொல்லிவிட்டு அசையாமல் படுத்துக்கொண்டார். அப்பாதான் பாடு படுத்தினார். காதுக் கடுக்கனைக் கழற்ற வேண்டும் என்றார்கள். கல்யாணத்துக்குப் போட்டது கழலவில்லை. சோப்பு, தேங்காய் எண்ணெய், இரண்டு நர்ஸுகள். "என்ற மூளை நல்லா இருக்குதுன்னு நீங்களே மார்க் போட்டுட்டீங்க. அப்பறம் என்னத்துக்குங்க இது?" என்று வளையத்துக்குள்ளிருந்தும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் டாக்டர் இரண்டு பேரின் படத்தையும் ஒரு விளக்குப் பலகையில் பக்கம் பக்கமாக மாட்டினார். ஒவ்வொரு படத்திலும் தலையைக் கத்தரிக்காய் மாதிரி வில்லை வில்லையாக நறுக்கிக் காட்டியிருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தார். ஒன்றைக் காட்டி, "இதப் பாருங்க, நடுவுல கறுப்பா இருக்கறதெல்லாம் நீர். நல்லாவே அகலமாயிருக்கு. உங்க அண்ணனோடது" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா தலையை ஆட்டினார். நான் படத்தின் ஓரத்திலிருந்த பெயரைப் படித்தேன். சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் டாக்டரும் படித்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். படத்தை மாற்றி மாட்டினார். மறுபடி அளந்தார்.

"மன்னிக்கணும். இது உங்களோடது" என்றார் அப்பாவிடம். "உங்க அண்ணனுக்கு இவ்வளவு இல்ல. வயசுக்கு எல்லாருக்கும் இருக்கற அளவுதான்."

பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"நம்ம கெணத்துத் தண்ணியெல்லாம் எங்க போச்சு, எங்க போச்சுன்னு தேடுனமே. இங்க இருக்குது பாருங்க."

பெரியப்பா எழுந்து படத்தின் பக்கத்தில் போய் அப்பாவின் தலையை நெருங்கிப் பார்த்தார். சண்டை அப்போது ஞாபகத்தில் இருந்ததா என்று தெரியவில்லை. "ஏன்டா சாமி, இத்தன தண்ணிய வெச்சுக்கிட்டு நீ எப்படித் தூங்கற?" என்று கவலையாகக் கேட்டார்.

டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். பரீட்சையையும், வீட்டில் நடந்ததையும் வைத்துப் பார்த்தால் பெரியப்பாவுக்கு வந்திருப்பது இந்த நோய்தான்; தலைக்குள் கட்டியோ ரத்தக் கசிவோ இல்லை என்பதைப் படம் காட்டுகிறது. அப்பாவுக்கு நோய் இல்லை. சிலருக்கு மூளை சுருங்கியிருந்தாலும் ஞாபகம் கெடுவதில்லை. ஏன் என்று அவருக்கே தெரியாது. பிறகு மேஜையிலிருந்து ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்தார். குறுக்கே மார்க், நெடுக்கே அகலம். நாற்பது பேருக்கு நாற்பது புள்ளிகள், சரிவாக இறங்கும் ஒரு கோட்டை ஒட்டிக் கூட்டமாக இருந்தன. அவர் பென்சிலால் இரண்டு புள்ளிகள் வைத்தார். பெரியப்பாவின் புள்ளி கோட்டுக்குக் கொஞ்சம் கீழே விழுந்தது. அப்பாவின் புள்ளி மேலே ஒரு மூலையில், ஊரை விட்டுத் தள்ளி வைத்த வீடு மாதிரி தனியாக நின்றது.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "நீங்க வேணும்னா இந்தப் புள்ளிய உட்டுருங்களேன். கோடு நல்லா வருமுங்களே."

"உங்க புள்ளி உள்ள இருந்தா என் கணக்கு கெடுதுதான்" என்றார் டாக்டர். "ஆனா பிடிக்காததை எடுத்துட்டா நான் திருடன் இல்லையா?"

அப்பா மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, உதடு அசைய எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். காது கொடுத்துக் கேட்டேன். நாற்பத்தெட்டாம் வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் கட்டியிருந்த மாடுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெயர் தட்டினாலும் முதலிலிருந்து தொடங்கினார். ஜோலார்பேட்டையில் பெரியப்பா அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். பெரியம்மா இந்தத் தடவை காதில் எதுவும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்தவர்கள் எல்லாம் கேனை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்கள். கந்தவேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு படத்தையும் டாக்டரின் கடிதத்தையும் கொண்டு போயிருந்தேன். கடிதத்தில் பெரியப்பாவுக்கு என்ன நோய் என்பது தெளிவாக எழுதியிருந்தது. அதைப் படித்தால் களவு இல்லை என்று ஆகிவிடும். முறை சொல்லும் உரிமையும் அதோடு போய்விடும். பெரியப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு சொசைட்டிச் சுவரோரம் நின்றார். எதற்காக நிற்கிறோம் என்று அவருக்கு அன்றைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கந்தவேல் முதலில் படங்களை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். நான்கு பேர் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.

"இதென்ன நடுவுல கறுப்பு?"

"தண்ணிங்க" என்றார் பெரியம்மா. "மூளை சுருங்குனா அந்த எடத்துல தண்ணி நிக்குமாமா. டாக்டர் சொன்னாரு."

"அப்ப தண்ணி ஆருக்கு ஜாஸ்தியோ அவுருக்குத்தான் மறதி. அப்படித்தான அம்மிணி?" என்று கந்தவேல் என்னைக் கேட்டார்.

"பொதுவா அப்படித்தானுங்க. ஆனா..." என்றேன்.

என் ஆனாவை யாரும் கேட்கவில்லை. கந்தவேல் இரண்டு படங்களையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றுக்கு இடம் பார்ப்பவர் போல முகத்தைத் தூரம் வைத்தும் கிட்டே வைத்தும் பார்த்தார். "இதுலதான் ஜாஸ்தி. சந்தேகமே இல்ல. இது ஆருது?"

பெயரைப் படித்தேன். "அப்பாவுதுங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பால் கறக்கும் சின்னான் சத்தமாகவே சொன்னார்: "அப்ப மறந்தது செங்கோட்டையனாட்ட இருக்குது! அவரு மொறைய மறந்து போட்டு அண்ணனைத் திருடன்னுட்டாரு!"

"அதான பாத்தேன்" என்றார் டீக்கடைக்காரர். "போன வாரங்கூட என்ற கடையில துண்ட உட்டுட்டுப் போனாரு."

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. இருபத்தொன்பது மார்க் தாள் அதற்குள்தான் இருந்தது. கந்தவேல் என் பக்கம் திரும்பினார். "அந்தக் காயிதத்துல என்ன போட்டிருக்குது? படி அம்மிணி."

நான் கடிதத்தைப் பிரித்தேன். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்து, காதைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"காயிதம் எதுக்குங்க?" என்றார் அப்பா. "படத்துலதான் இருக்குதுங்களே. எனக்குத்தான் மறந்து போச்சு. மூணு தடவையும் அண்ணன் மொறைதான். நாந்தான் தப்பாப் பேசிட்டனுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அப்ப மன்னாப்பு நீ கேக்கோணும்."

"கேக்கறனுங்க."

அப்படியே கோயில் முன்னால் நின்று கேட்டார். பெரியப்பா அப்பாவின் தலையில் கை வைத்தார். வைத்த கையை எடுக்காமல், மெதுவாகத் தடவிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் அசைகிறதா என்று பார்த்தார் போலிருக்கிறது. "போவுது உடு சாமி. நோவு ஆருக்குத்தான் வாரதில்ல?" என்றார்.

கடிதத்தை நான் மடித்து வைத்துவிட்டேன். யாரும் திரும்பக் கேட்கவில்லை.

அப்பாவுக்கு அதற்குப் பிறகு ஊரில் நல்ல காலம் இல்லை. மளிகைக் கடைக்காரர் வாங்கிய சாமானை மூன்று தடவை சொல்லி அனுப்புவார். பஸ் கண்டக்டர் இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே எழுப்பிவிடுவார். சின்னான் எதிரில் வந்தால், "நான் சின்னானுங்க" என்று பெயரைச் சொல்லிக்கொண்டே வருவார். ஒருமுறை அப்பா ஆத்திரம் தாங்காமல் சட்டைப் பையிலிருந்த மார்க் தாளை எடுத்துச் சின்னானிடம் காட்டினார். அதைப் பார்த்தவர், "பாவம், பழைய நெனப்புல பள்ளிக்கூடத்துக் காயிதமெல்லாம் வெச்சிருக்காரு" என்று போய்விட்டார்.

முறை விஷயத்துக்கு அப்பா ஒரு வழி செய்தார். பம்ப்செட் சுவரில் கோடு போட அவருக்கு மனமில்லை. தினமும் காலையில் பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்று கேட்பார்.

"எனக்கு மறந்து போச்சுங்கண்ணா. இன்னைக்கு ரெண்டாம் நாளு, உங்க மொறைதானுங்களே?"

"ஆமாமா, என்றதுதான். இதக்கூட மறந்துட்டயா?" என்று பெரியப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். எங்கள் நாளில், "இன்னைக்கு நாலாம் நாளு, என்றதுங்களா?" என்று அப்பா கேட்பார். பெரியப்பா யோசித்துவிட்டு, "உன்றதுதான், போ" என்பார். கந்தவேல் ஒரு நாள் அந்த வழியாகப் போனவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்புசாமிக்கு என்ன நாவகம் பாருங்க!" என்று ஊரெல்லாம் சொன்னார்.

இது எட்டு மாதம் நன்றாக ஓடியது. பெரியப்பா மறுபடி டீக்கடைக்குப் போனார். மாட்டைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் கேட்பவர்களுக்குப் பதில் சொன்னார். பதில் சில சமயம் தப்பாக இருக்கும். மாடு ஈன்ற பிறகுதான் தெரியும்.

அடுத்த வருடம் மாசி மாதத்தில் ஒரு காலை நான் பெரியம்மாவுக்குக் கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து வழக்கம் போலக் கேட்டார். அன்றைக்கு மூன்றாம் நாள், பெரியப்பாவின் முறை. பெரியப்பா கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார்.

"இல்ல. இன்னைக்கு உன்ற மொறை. போயி மோட்டாரைப் போடு."

"இல்லீங்கண்ணா, உங்களுதுங்க. நேத்து ரெண்டாம் நாளுங்க."

"எனக்கே சொல்றயா? போடு போ. உன்ற கெழங்கு காயுது."

"அண்ணா, உங்க பருத்திதானுங்க காயுது."

"பஞ்சாயத்துல நீ ஒத்துக்கிட்டயா, இல்லையா?"

"ஒத்துக்கிட்டனுங்க."

"ஆருக்கு மறதி?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன். "எனக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் வாய்க்காலில் வந்தது. இரண்டு தோட்டத்துக்கும் பிரியும் இடத்தில் எங்கள் பக்கத்து மடையை மண் போட்டு அடைத்து, பெரியப்பாவின் பக்கத்தைத் திறந்துவிட்டு, அப்பா எங்கள் வரப்பில் ஏறி நின்றுகொண்டார். தண்ணீர் பருத்திக்குள் ஓடியது.

பெரியப்பா வாசலிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தயா அம்மிணி" என்றார் என்னிடம் மெதுவாக. "மடை எதுன்னுகூட உங்கப்பனுக்குத் தெரியாமப் போச்சு. ஆருகிட்டயும் சொல்லீராதே."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீரைத் தம்பியின் காட்டுக்குத் திருப்பிவிட வாய்க்காலை நோக்கி நடந்தார்.